வழக்குச் செலவு பேருந்தில் வந்தது

தீர்ப்பு சாதகமாக வந்த அன்றே லட்டு வாங்காதீர்கள். ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளின் சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை இதுதான். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவுகளை நீங்கள் கைபேசியிலேயே என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். லட்டைப் பற்றி அதில் எதுவும் இருக்காது.

நாங்கள் வாங்கினோம். நெய் லட்டு, ஆளுக்கு ஒன்று. தொழிற்சாலை வாயிலில் நின்று நானே விநியோகித்தேன். அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் முத்துச்செல்வியின் முறை வந்தது. விளாத்திகுளம் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் வேறு சில பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, கடிக்காமல் கேட்டாள்.

"அப்ப பஸ்ஸு எப்ப சார் வரும்?"

"வரும்மா. செலவுத் தொகை வந்ததும் வந்துடும்."

"கேஸ் செயிச்சாச்சுன்னுதான லட்டு குடுக்கீக?"

"ஜெயிச்சது வேற. பணம் கைக்கு வர்றது வேற."

அவள் லட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "அப்ப அது வரும்போது இதையும் தாங்க சார். சேத்தே திங்கேன்."

அவள் கேட்ட பஸ் இரண்டாம் ஷிப்ட் பேருந்து. அது ஏன் நின்றது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் நிறுவனம், கார் உதிரி பாகங்களை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளைச் செய்கிறது. அந்த வண்டிக் கதவில் ஒரு கொக்கி உண்டு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் கொக்கி தானே பூட்டிக்கொள்ளும். நிமிர்ந்தால் தானே விட்டுவிடும். கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் அது வருவதற்கு முன்பு எத்தனை பேர் கால்மேல் கியர் பெட்டிகள் விழுந்தன என்பதை முதலுதவி அறையில் கேட்டால் சொல்வார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தோம். மண்ணூர்ப் பக்கம் கொட்டகை போட்டுத் தொழில் நடத்திய ஏகாம்பரம் என்பவர் அதே கொக்கியை அதே அளவில் செய்து விற்க ஆரம்பித்தார். எங்கள் வார்ப்பில் தவறுதலாக விழுந்திருந்த ஒரு சின்னக் குழியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் குழிதான் அவரைத் தோற்கடித்தது. நகலெடுப்பவர் அளவுக்கு மீறிய நேர்மையாளராக இருந்தால் வருகிற கஷ்டம் அது.

ஆனால் வழக்கு நடத்துவது செலவுள்ள காரியம். எங்கள் எம்.டி. எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்த்து, இரண்டாம் ஷிப்ட் முடிந்து பெண்களைக் கொண்டுபோய் விடும் ஒப்பந்தப் பேருந்தை வெட்டினார். வழக்கு முடியும்வரை ஷேர் ஆட்டோவில் போகச் சொல்லி வாயிலில் மைக் பிடித்து அறிவித்தார். கூட்டம் முணுமுணுத்தது. மைக் என் கைக்கு வந்தது. தோற்றவர் வென்றவருடைய செலவைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வணிக வழக்குகளில் இப்போது பொது விதி, எனவே செலவு முழுதும் திரும்பி வரும், வந்ததும் பேருந்தும் வரும் என்று நான் தெளிவாக விளக்கினேன். அதில் சட்டப் பிழை ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் எந்த நீதிபதி முன்னாலும் அதைத் திரும்பச் சொல்வேன். ஆனால் சட்டத்தில் சரியாக இருக்கும் ஒன்றை வாயிலில் நின்று, அதுவும் மைக்கில், சொல்லக்கூடாது. கேட்பவர்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முத்துச்செல்வி எடுத்துக்கொண்டாள். ஊரில் அவள் அப்பாவுக்கு இதை அப்படியே போனில் சொல்லியிருக்கிறாள். அவர் பதிலுக்கு ஒரு கெடு வைத்தார். ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் பஸ் வந்தால் சரி. வராவிட்டால் பொங்கலுக்கு வரும்போது பையோடு மொத்தமாக வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது. ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து மகள் ராத்திரியில் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கோ மாப்பிள்ளையைப் பொறுக்க முடியவில்லை.

"என் வேல போச்சுன்னா ஒங்க விதியால போச்சுன்னு ஊர்ல சொல்லுவேன் சார்" என்றாள். விதி என்று அவள் சொன்னது நான் மைக்கில் விளக்கிய பொது விதியை.

*

அடுத்தது செலவுப் பட்டியல். வென்றவர் தன் செலவை நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். நியாயமானது என்று நீதிபதி நினைப்பது கிடைக்கும். பட்டியலைக் கணக்குப் பிரிவு தயாரித்தது. நான் கூட்டலைச் சரிபார்த்தேன். வரிகளைப் படிக்கவில்லை.

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் படித்திருந்தார். எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட வரியில் விரலை வைத்தார்.

"வல்லக்கோட்டை முருகன் கோயில், பால் அபிஷேகம். வாதியின் சட்டச் செலவுகளில் இது இருக்கிறது. முருகன் வாதியின் வழக்கறிஞர் குழுவில் ஒருவரா என்று அறிய விரும்புகிறோம்."

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட நாளில் எம்.டி. செய்த வேண்டுதல் அது. கணக்குப் பிரிவினர் வழக்குக்காகச் செய்யப்பட்டது எதுவோ அதெல்லாம் வழக்குச் செலவு என்ற எளிய கொள்கை உடையவர்கள்.

நீதிபதி தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "வக்காலத்து தாக்கல் செய்திருக்கிறாரா?"

எங்களுக்கு வாதாடிய அம்மையார் நீதிமன்றத்தில் நரைத்தவர். சிரிக்காமல் எழுந்தார். "இல்லை. ஆனால் இந்த வழக்கில் ஒரு முறைகூட வாய்தா கேட்காதவர் அவர் ஒருவர்தான்."

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முருகனைப் பட்டியலிலிருந்து அடித்தார். பிறகு பேனாவை மூடவில்லை. முருகனைக் கண்டுபிடித்துவிட்ட பேனா வேறு யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பட்டியல் முழுதும் தேடத் தொடங்கியது. நிஜமான செலவுகளும், நிபுணர் சாட்சியின் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதில் பலியாயின. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது.

வெளியே வந்ததும் அம்மையார் என்னிடம் கேட்டார். "கூட்டல் சரியா இருந்துதா?"

"சரியா இருந்தது மேடம்."

"ரொம்ப சந்தோஷம்."

அத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார். என்னைத் திட்டியவர்கள் பலர் உண்டு. அவர்கள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. நீங்கள் பட்டியல் தாக்கல் செய்யும்போது கூட்டலைப் பிறகு பாருங்கள். எதிராளி வாய்விட்டுப் படித்தால் எந்த வரி சிரிப்பு மூட்டும் என்று முதலில் பாருங்கள்.

*

செலவு உத்தரவு கிடைத்த வாரத்தில் ஏகாம்பரமே என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பை கொய்யாப்பழம். தொழிற்பேட்டைக்குப் போனது போக மிச்சமிருந்த நிலத்தில் விளைந்தது.

"இன்னா சார், நல்லா கீறீங்களா? உங்க பேப்பர் வந்துச்சு."

"எங்க பேப்பர் இல்ல. கோர்ட் உத்தரவு."

"யார்துனா இருக்கட்டும். நான் குட்க்க மாட்டேன்னு சொல்லவே இல்ல. தோத்துட்டேன், குட்க்கணும். ஆனா இன்னாத்த குட்க்கறது? பேங்க்ல ஓ.டி. கீது. அத ஜப்தி பண்ணா கடன்தான் வரும். எடுத்துக்கிறீங்களா?"

"அப்பீல் போறீங்களா?"

"அய்ய, அதுக்கு வேற ஒரு வக்கீல். உங்களுக்கே குட்க்காதவன் அவருக்கு எங்கருந்து குட்க்கறது?" ஒரு கொய்யாவை எடுத்து வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார். "நீங்க தாராளமா ஜப்திக்கு வாங்க சார். எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. வரும்போது ஒரு போன் பண்ட்டு வாங்க, பிரியாணி சொல்லி வெக்கிறேன்."

கடனாளி நம்மைக் கண்டு ஒளிந்தால் நம்பிக்கை வையுங்கள். அவரிடம் ஏதோ இருக்கிறது. விருந்துக்கு அழைத்தால் கவலைப்படுங்கள்.

நான் கவலைப்படவில்லை. உத்தரவை உள்ளூர் நீதிமன்றம் வழியாக நிறைவேற்றும் மனு, ஜப்தி வாரண்ட் எல்லாம் ஒழுங்காக வாங்கி, நீதிமன்ற அமீனாவை அழைத்துக்கொண்டு மண்ணூருக்குப் போனேன். ஜப்தியை நேரில் நடத்துபவர் அவர்தான். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் சாக்கட்டி, அரக்கு, முத்திரை.

"ரொம்ப வருசமா ஜப்தி பண்றேன் சார்" என்றார் காரில். "வூடு, கடை, ரைஸ் மில்லு, கல்யாண மண்டபம், எல்லாம் பார்த்தாச்சு. இந்தக் கம்பெனி ஜப்தின்னா மட்டும் எனக்கு ஆவறதில்ல."

"ஏன்?"

"வாங்க, நீங்களே பாப்பீங்க."

கொட்டகை வாசலில் ஏகாம்பரம் சந்தனம் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு பெரிய பிரஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அமீனா சாக்கட்டியை எடுத்தார்.

"இது யாரோடது?"

ஏகாம்பரம் இயந்திரத்தின் பக்கவாட்டைக் காட்டினார். வங்கியின் பெயர் பொறித்த பலகை. கடன் தீரும்வரை வங்கிக்கு அடமானம்.

"அதுக்குள்ள கீற அச்சு?"

அதில் வேறு பலகை. ஒரு பெரிய கார் நிறுவனத்தின் சொத்து. இந்த வட்டாரத்தில் உள்ள உங்களுக்கு இது தெரிந்திருக்கும். பொருள் செய்யும் அச்சு செய்பவருடையது அல்ல, வாங்குபவருடையது.

"அந்த நீலப் பெட்டி எல்லாம்?"

"அதுவும் அவங்களுதுதான் சார். காலியானா திருப்பி அனுப்பணும்."

"இந்தத் தகடு?"

"ஜாப் ஒர்க்குக்கு வந்த மெட்டீரியல். வெட்டிக் குட்த்தா கூலி."

ஃபோர்க்லிப்ட் வாடகை. கம்ப்ரசர் குத்தகை. கொட்டகை நின்ற மனை மைத்துனர் பெயரில். தண்ணீர் கேன்கூடத் தண்ணீர்க்காரருடையது. சோர்ந்துபோன அமீனா பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போனார். பாதியில் நின்று, "இது?" என்றார்.

"பந்தல்காரன்து சார். ஆயுத பூஜைக்கு வந்துச்சு. இன்னும் எடுத்துனு போகல. நீங்க குந்துங்க, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

மூலையில் அடுக்கியிருந்த சில தட்டுகள் நல்ல நிலையில் இருந்தன. நான் உற்சாகமாக அவற்றைக் காட்டினேன். அமீனா குனிந்து, அதிலிருந்த பலகையைத் துடைத்துப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், இதுல உங்க கம்பெனி பேரு கீது. ஜப்தி பண்ணி உங்களுக்கே தரட்டுமா?"

எங்கள் வண்டித் தட்டுகள்தாம். வாடிக்கையாளர் ஒருவர் திருப்பி அனுப்பும்போது முகவரி மாறி அங்கே வந்திருக்கின்றன.

"ஒரு பொருள் பாக்கியில்லாம பலகை அடிச்சிருக்கீங்களே" என்றேன் ஏகாம்பரத்திடம். எரிச்சலை மறைக்க முடியவில்லை.

"நீங்கதான சார் சொன்னீங்க!" அவர் முகத்தில் உண்மையான நன்றி இருந்தது. "சிறுதொழில் மீட்டிங்ல பேசினீங்களே? அடுத்தவன் பொருள் உங்ககிட்ட இருந்தா பேர்ப் பலகை அடிச்சு வையுங்க, நாளைக்கி ஜப்தின்னு வந்தா அதத் தொட முடியாதுன்னு. நான் முன் வரிசைலதான் குந்திகினு இருந்தேன். வந்த அன்னிக்கே அடிச்சிட்டேன்."

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது என்னிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பலகை அடிக்கவில்லை.

*

பிரியாணி உண்மையிலேயே வந்தது. அமீனா பணி நேரத்தில் கடனாளி வீட்டுச் சோறு சாப்பிடுவதில்லை என்று சொல்லிக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தன் டிபன் பெட்டியைத் திறந்தார். நானும் கூடப் போனேன். அங்கே வேப்பமர நிழலில் ஒரு பேருந்து நின்றது. பழைய பள்ளிப் பேருந்து; வெள்ளை அடித்திருந்தார்கள், கீறல்களில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. நான் அதைச் சுற்றி வந்தேன். முன்னால் 'ஓம் முருகா'. பக்கவாட்டில் ஏகாம்பரம் நிறுவனத்தின் பெயர். வேறு எந்தப் பலகையும் இல்லை.

அமீனா தயிர்சாதத்தை மூடி வைத்தார். "இது யாரோடது?"

பின்னாலேயே வந்த ஏகாம்பரம் வேட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கொய்யா மரத்தைப் பார்த்தார்.

பதில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தது. அங்கே கால் நீட்டிப் படுத்திருந்த ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து, யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், பெருமையாகச் சொன்னார்.

"எங்குள்துதான் சார்! கம்பெனி பேர்ல. போன மாசம்தான் கடைசி டியூ கட்டி முடிச்சோம். வல்லக்கோட்டைக்கு இட்டுனு போய் மாலை போட்டு, தேங்கா ஒடச்சு, பூஜை பண்ட்டு வந்தோம். ஒரு ரூபா கடன் இல்ல வண்டி மேல."

"டேய்" என்றார் ஏகாம்பரம். மிக மெல்லிய குரலில்.

எங்கள் பட்டியலிலிருந்து அடித்து விரட்டப்பட்ட முருகன் கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார். அமீனா சாக்கட்டியை எடுத்துப் பேருந்தின் பக்கவாட்டில் எண் எழுதினார்.

எழுதி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியது. கொட்டகையிலிருந்து பெண்கள் டிபன் பைகளோடு வந்து, வழக்கம்போல் வடக்குப்பட்டுக்குப் போகப் பேருந்தில் ஏறி இடம் பிடித்தார்கள். ஜப்தி செய்யப்பட்ட சொத்துக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு எந்த நடைமுறை நூலிலும் பத்தி இல்லை.

அவர்களை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துப் போக எனக்கு உரிமை இருந்தது. நாளை எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப் போனால், இரவோடு இரவாக வண்டியில் யாருடைய பலகையாவது முளைக்கும் என்பதும் தெரியும். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். ஓட்டுநர் அவரைப் பார்த்தார். அமீனா என் முகத்தைப் பார்த்தபடி, மூடி வைத்த தயிர்சாதத்தைத் திறந்து முடித்தார்.

"அமீனா சார், வண்டி உங்க காவல்ல தானே இருக்கு?"

"ஆமா."

"காவல்ல இருக்கற வண்டி எங்க யார்டுக்குப் போகணும். போற வழிலதானே வடக்குப்பட்டு?"

அவர் யோசித்தார். "வழிலதான்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எஞ்சின்மேல் போட்டிருந்த மெத்தையில் நீதிமன்றத்தின் கம்பீரத்தோடு உட்கார்ந்தார். நான் படியருகில் நின்றுகொண்டேன். அதைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன்: ஓடுகிற பொருளை ஜப்தி செய்தால் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள், கூடவே ஏறிக்கொள்ளுங்கள்.

முதல் வேகத்தடையில் வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. 'டக்' என்று கதவு தானே பூட்டிக்கொண்டது. எனக்குப் பழக்கமான சத்தம். குனிந்து பார்த்தேன். எங்கள் கொக்கி. அதே குழி.

"ஓனரே மாட்டுனது சார்" என்றார் ஓட்டுநர். "வேற இன்னா போட்டாலும் இந்தக் கதவு நிக்கல. இது போட்டப்புறம் ஒரு பொண்ணுகூட விழல."

அந்தக் கொக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை உத்தரவு இருந்தது. அதை வாங்கியவன் நான். உடனே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கதவு திறந்தால் முதலில் வெளியே விழக்கூடியவனும் நான்தான். ஆட்சேபனையை ஒத்திவைத்தேன்.

அதற்குள் ஒரு பெண் அமீனாவின் முத்திரையைப் பார்த்து விசாரித்திருக்கிறாள். "அப்ப இது நாளைக்கி வராதா?"

"கோர்ட்டு சொல்ற வரைக்கும் வராது பாப்பா."

"யாருக்குப் போகுது?"

அமீனா என்னைக் கைகாட்டினார். அவள் என் கழுத்து அட்டையில் நிறுவனத்தின் பெயரைப் படித்தாள். "செல்வியக்கா கம்பெனியா? அக்காவுக்கு பஸ் வரணும்னு நானும் சேந்துல்ல சார் நேந்துகிட்டேன்! எங்க பஸ்ஸவே எடுப்பீகன்னு தெரிஞ்சா நேந்திருப்பேனா?"

முத்துச்செல்வியின் அறையில் இருந்த மற்றவர்கள் ஏகாம்பரத்திடம் வேலை பார்ப்பவர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

*

பேருந்து எங்கள் யார்டில் நின்றது. ஏலம் முடியும்வரை அதை ஓட்டக்கூடாது. இரண்டாம் ஷிப்ட் பெண்கள் தினமும் அதைக் கடந்து போய், வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். இப்போது ஏகாம்பரத்தின் பெண்களும் மண்ணூரில் அதேபோல் ஆட்டோவுக்கு நின்றார்கள்.

"பஸ்ஸு வந்துருச்சு, ஆனா ஏறக்கூடாது" என்றாள் முத்துச்செல்வி, என் காதில் விழும்படி. "லட்டு வந்துச்சு, திங்கக் கூடாதுன்ன மாதிரி."

பங்குனி நெருங்கியது. ஏலத்துக்கு என்னோடு போட்டிக்கு வந்தவர் ஒரு பழைய இரும்பு வியாபாரி. வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் தராசுக்குப் போகும் எடையை மனதில் போட்டு விலை கேட்டார். வழக்கில் வென்றவர் தானே ஏலம் கேட்கவும், விலையைத் தனக்கு வர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதை முன்பே வாங்கி வைத்திருந்தேன். நடைமுறை தெரிந்ததால் கிடைத்த பலன் இந்த வழக்கிலேயே அது ஒன்றுதான். இரும்பு விலைக்கு மேல் கேட்டேன். வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஏகாம்பரம் வந்து கைகொடுத்தார். "நல்ல வெலைக்கு எடுத்தீங்க சார். பாட்டரி புத்சு."

எம்.டி.க்கு அந்த மகிழ்ச்சி இல்லை. "நான் வக்கீலுக்குக் கொடுத்தது பணம். நீங்க வசூல் பண்ணிட்டு வந்தது பழைய ஸ்கூல் பஸ். மீதி எப்ப?"

"வரும் சார்."

"அதையும் மைக்ல சொல்லிடாதீங்க."

பெயர் மாற்றம், தகுதிச் சான்று எல்லாம் முடிந்து வண்டி வாயிலுக்கு வந்த நாளில் முத்துச்செல்வி படியில் கால் வைக்காமல் நின்றாள். முதலில் கையை நீட்டினாள். லட்டு. நான் மறந்துவிட்டிருந்தேன். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"சார், நா மட்டும் இதுல ஏறிப் போயி எறங்குவேன். அவளுக ஆட்டோவுல வருவாளுக. அவளுக பஸ்ஸு இது. அதே ரூம்லதான் படுக்கணும், அதே சட்டியிலதான் திங்கணும். சோறு வைப்பாளுகளா?"

"அப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"அவளுகளையும் ஏத்தணும். இல்லைன்னா எனக்கு பஸ்ஸு வரலன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டு ஊருக்குப் போறேன்."

"வேற கம்பெனி ஆளுங்களை நம்ம பஸ்ல..." என்று தொடங்கினேன். என்னிடம் ஏழெட்டு ஆட்சேபனைகள் இருந்தன, எல்லாம் சரியானவை. அதற்குள் வாயிலில் ஒரு இருசக்கர வண்டி வந்து நின்றது. ஏகாம்பரம். கையில் கொய்யாப் பை இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"சார், ஆளு நிக்க மாட்டேங்குது. பஸ் இல்லன்னா வர மாட்டோம்ன்றாங்க. ரெண்டு பிரஸ் சும்மா கெடக்குது. அச்சு வேற ஆள்கிட்ட போய்டும் சார், அவங்க பலகைதான் அதுல கீது. எதுனா பண்ணுங்க. மாசாமாசம் இன்னா சொல்றீங்களோ குட்க்கறேன்."

நீதிமன்ற முத்திரைக்கு அசையாத மனிதர் மாதாமாதம் கொடுப்பதாகச் சொன்னார். உங்களுக்கு நான் விட்டுப்போக விரும்புவது ஏதாவது இருந்தால் அது இதுதான்: முடிந்துபோன தோல்விக்காக எவரும் பணம் எடுப்பதில்லை. நாளைக் காலை வேலை நடக்க வேண்டும் என்றால் எடுப்பார்கள். கதவைத் தட்டுவதற்கு முன்னால், அந்த மனிதருக்கு நாளைக்கு என்ன தேவை என்று பாருங்கள்.

பேருந்துக் கட்டணம் வாங்க எங்கள் பெர்மிட் அனுமதிக்காது. ஆகவே கட்டணம் என்ற சொல்லையே நாங்கள் எழுதவில்லை. தீர்ப்புத் தொகையின் நிலுவையை ஏகாம்பரம் மாதத் தவணையாகக் கொடுப்பார் என்று சமரசம் எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்தோம். அவருடைய பெண்களை ஏற்றுவதற்கும் பெர்மிட்டில் ஒரு வழி இருந்தது. அதை இங்கே விளக்கினால் தூங்கிவிடுவீர்கள். அவர் செய்து மாட்டியிருந்த கொக்கிக்கும் ஒரு உரிமம் எழுதினோம், அந்த ஒரு கதவுக்கு மட்டும். தவணை ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. தேதிக்கு முன்பே, கொய்யாவோடு வரும். கடைசித் தவணை கட்டியபோது, இனிமேலும் பஸ் நிற்குமா என்றுதான் கேட்டார். டீசலில் பாதி என்றார் எம்.டி. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

முத்துச்செல்வி பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். அதே பையோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை என்னவானார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், பி.எஃப். காகிதம் ஒன்றுக்காகத் தொழிற்சாலைக்குப் போனேன். திரும்பும்போது நல்ல மழை. இப்போது முதல் ஷிப்டுக்கும் அதே பேருந்துதான்; பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அதில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மண்ணூரில் ஏகாம்பரத்தின் பெண்களும் ஏறினார்கள். கூட்டுச்சாலையில் ஒரு ஒல்லியான மனிதர் ஜோல்னாப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினார். வண்டி நின்றது. அமீனா. என்னை அவர் பார்க்கவில்லை. ஒரு காலைப் படியில் வைத்தவர், பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருந்த பெயர்களைப் பார்த்தார். பழைய மஞ்சளில் பள்ளியின் எழுத்து, அதன்மேல் ஏகாம்பரத்தின் பெயர், அதன்மேல் எங்கள் பெயர். மழையில் மூன்றும் தெரிந்தன. பழக்க தோஷத்தில் கேட்டார்.

"இது இப்ப யாரோடது?"

முன் இருக்கையில் டிபன் பையை மடியில் வைத்திருந்த முத்துச்செல்வி சொன்னாள். "எங்களுதுதான்யா. நனையாம ஏறுங்க."

அமீனா உள்ளே வந்தார். வண்டி சாய்ந்தது, கொக்கி பூட்டிக்கொண்டது. அப்போதுதான் என்னைக் கண்டார். அந்தப் பதில் செல்லுமா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். ஆட்சேபனை சொல்ல அங்கே தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான். ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.